சேலம், திருப்பூர், திருச்செங்கோடு, ஏற்காடு

மத்தியானம் அரிசிம்பருப்பு சோத்துல நெய்ய உட்டு ஒரு வாய் வெச்சிருப்பேன், போன் அடிச்சுது. காங்கேயத்துக்கிட்ட ஒரு கொப்பரைக் களத்தை ஒட்டுனாப்ல ஒரு எடைமேடை இருக்குது, அங்கத்த ஆப்பரேட்டர் அண்ணா.

"ஏனுங் தம்பி, கீபோர்டு செத்துப்போச்சுங்."

"எப்படிங்ணா செத்துச்சு, கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க."

"அடிச்சா எழுத்தே வரமாட்டேங்குதுங். எண்டர் தட்டுனா மட்டும் இங்கிலீசுல என்னமோ திட்டுது. இக்கட்ட ரெண்டு லாரி நிக்குதுங், டிரைவர் ஆரன் அடிக்கறது கேக்குதுங்களா?"

நல்லாவே கேட்டுச்சு.

அன்னிக்குக் காலைலதான் எங்க எடை ரசீது சாப்ட்வேரோட புது வெர்ஷனுக்கு இன்ஸ்டால் ஸ்கிரிப்டை, அதாவது அதை எறக்கி வெக்கற கமாண்டு எல்லாம் வரிசையா எழுதுன பைலை, அவருக்கு அனுப்பி, "ஒரே ஒரு கமாண்டுதானுங்ணா, நீங்களே ஓட்டிருங்க, நான் எதுக்கு ஈரோட்டுல இருந்து பஸ் ஏறி வரணும்"னு பெருமையா சொல்லியிருந்தேன். கூடவே ஒரு உபரி அறிவுரை வேற, ஏதாச்சும் தப்பாப் போறாப்ல தெரிஞ்சா கண்ட்ரோல் சி அமுக்கிருங்கன்னு. மனுசன் அதை அப்படியே செஞ்சிருக்காரு. ஸ்கிரிப்டு நடுவுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கேக்கும், அடிக்கறப்ப ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது, இவரு பயந்துட்டு கண்ட்ரோல் சி அமுக்கிட்டாரு, ஸ்கிரிப்டு நின்னுபோச்சு, ஆனா எழுத்து தெரியாத அந்த நிலைமை மட்டும் அப்படியே நின்னுருச்சு.

இதுக்கு மருந்து எட்டே எழுத்து, நடுவுல ஒரு இடைவெளி. ஆனா அந்த எட்டு எழுத்தை அவரு கண்ணுல பாக்காம அடிக்கணும், நான் போன்ல சொல்லணும். டீயும் டியும் போன்ல ஒண்ணாத்தான் கேக்குது, பின்னாடி ஆரன் வேற. கடைசில ஊர்ப் பேர்ல எறங்கிட்டோம்.

"சேலத்துக்கு மொத எழுத்து அடிங்க. அடுத்து திருப்பூரு. அடுத்து திருச்செங்கோடு."

"திருப்பூருக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஒரே எழுத்துதானுங்களே?"

"ஆமாங்ணா, ரெண்டு தடவை வரணும். அடுத்து ஏற்காடு."

இங்கதான் மாட்டுனோம். அவரு ஏற்காட்டுக்கு ஈ அடிச்சுட்டாரு. மொத தடவை போச்சு. ரெண்டாவது தடவையும் போச்சு. அப்புறம் எனக்கே உறைச்சு, "சேலம் பஸ் ஸ்டாண்டுல ஏற்காடு பஸ்ஸு போர்டுல இங்கிலீசுல எப்படிப் போட்டிருக்கும்?"னு கேட்டேன். ஒரு நிமிசம் சத்தமே இல்லை. "அட, ஒய்யில்லீங்க அது!" அதுக்கப்பறம் நீள பட்டன், அப்புறம் சத்தி, அவிநாசி, நாமக்கல், ஈரோடு, எண்டர். "வந்துருச்சுங் தம்பி, வந்துருச்சு!" லாரி நகர்ற சத்தமும் கேட்டுச்சு. என்ற தட்டுல சோறு ஆறிப்போயிருந்துச்சு.

டெர்மினலை, அதாவது கமாண்டு அடிக்கற அந்த ஸ்கிரீனை, ஒழுங்கான நிலைக்குத் திருப்புற "stty sane"ங்கற அந்தக் கமாண்டு எனக்குத் தெரிஞ்சு பதினஞ்சு வருசமாச்சு. எத்தனையோ தடவை கண்ணை மூடிட்டு அடிச்சிருக்கேன். ஆனா என்ற ஸ்கிரிப்டே அப்படி ஒரு நிலைமைல ஒருத்தரை உட்டுட்டுப் போகும்னு டெஸ்டு பண்ணிப் பாத்ததே இல்லை. அந்த வெசனத்துலதான் இதை எழுதறேன்.

எங்க கடை சின்னது. பெருந்துறை ரோட்டுல மாடில ஒரு ரூமு, நானும் பார்ட்னரும். எடைமேடை, எண்ணெய் மில்லு, ரெண்டு மூணு மஞ்சள் மண்டி, இவங்களுக்கு எடை ரசீது, பில்லு, கணக்கு போடற சாப்ட்வேரு. எல்லாம் லினக்ஸுலதான், ஏன்னா வாடிக்கையாளர் பொட்டி எல்லாமே பழசு, லைசென்ஸுக்குக் காசு கேட்டா "அதெதுக்குங் எச்சா செலவு"ம்பாங்க. சாப்ட்வேரை நாங்க ஒழுங்காத்தான் டெஸ்டு பண்ணுவோம், ஒரு கிலோ பிசகுனாலும் சண்டை வந்துரும் பாருங்க. ஆனா அதைக் கொண்டுபோயி எறக்கி வெக்கிற ஸ்கிரிப்டை? நம்ம லேப்டாப்ல ஒருக்கா ஓட்டுவோம், பச்சை டிக் வரும், அனுப்பிருவோம். பந்தியைப் பாத்துப் பாத்து சமைச்சுட்டு, எலை ஓட்டையா இருக்கறதைப் பாக்காத கதைதான்.

சரி, அந்தக் கீபோர்டு ஏன் செத்துச்சுன்னு சொல்றேன். நாம ஒரு எழுத்தை அமுக்குனா கீபோர்டே அதை நேரா ஸ்கிரீனுக்கு அனுப்புதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறோம். அப்படி இல்லை. எழுத்து மொதல்ல லினக்ஸோட மையமான கெர்னலுக்குப் போகுது, அங்க டெர்மினலைப் பாத்துக்கற ஒரு அடுக்கு இருக்குது, அதுதான் அதைத் திருப்பி ஸ்கிரீனுக்கு எதிரொலியா அனுப்புது. எக்கோன்னே பேரு. அந்த எக்கோவை நிறுத்துன்னு ஒரு புரோகிராம் சொன்னா, கெர்னல் நிறுத்திரும், மறுபடி யாராச்சும் போடுன்னு சொல்ற வரைக்கும் போடாது. சொன்ன புரோகிராம் செத்துப்போனாலும் அதுக்குத் தெரியாது. இதெல்லாம் டெலிடைப் மெசினு காலத்து ஏற்பாடு, டைப்ரைட்டராட்ட காயிதத்துல தட்டிட்டு இருந்த காலம். அதோட பேருதான் இன்னிக்கும் டிடிஒய்னு ஒட்டிக்கிட்டு கெடக்குது.

நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராமுக்கு ஷெல்லுன்னு பேரு, பேஷ் அதுல ஒரு வகை. பேஷுல பாஸ்வேர்டை மறைச்சு வாங்கறதுக்கு ஒரு வசதி ரெடிமேடா இருக்குது. ஆனா என்ற ஸ்கிரிப்டு மேல மொத வரில சாதா ஷெல்லுன்னு போட்டிருந்தேன், உபுண்டுங்கற லினக்ஸுல சாதா ஷெல்லுன்னா அது பேஷ் இல்லை, டேஷு. 2006-ல 6.10 வெர்ஷன்ல மாத்துனாங்க, டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸுல 2011-ல. டேஷு சின்னது, வேகமானது, ஆனா அந்த மறைச்சு வாங்கற வசதி அதுல கெடையாது. அதனால நானே கையால எக்கோவை நிறுத்தி, பாஸ்வேர்டை வாங்கி, மறுபடி போட்டுட்டு இருந்தேன். நடுவுல கண்ட்ரோல் சி வந்தா மறுபடி போடற வரிக்கு வண்டி போகாது, அவ்ளோதான்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்துன சமாச்சாரம் வேற. நாம பேஷுல உக்காந்துட்டு ஓட்டற புரோகிராம், கண்ட்ரோல் சி மாதிரி வெளில இருந்து வர்ற சிக்னல் வாங்கிச் செத்துச்சுன்னு தெரிஞ்சா, பேஷே டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பிரும். பெத்தவ மாதிரி. ஆனா ஒழுங்கா எக்ஸிட் ஆனாப்ல தெரிஞ்சா, புள்ளை வேணும்னுதான் இப்படி வெச்சுட்டுப் போயிருக்கான் போலன்னு அந்த செட்டிங்கை அப்படியே ஏத்துக்கும். நான் என்ன பண்ணியிருந்தேன்னா, அழகா இருக்கட்டும்னு கண்ட்ரோல் சி வந்தா நடுவுல புடிச்சுக்கற ட்ராப் ஒண்ணைப் போட்டு, "நிறுவல் நிறுத்தப்பட்டது"ன்னு தமிழ்ல ஒரு மெசேஜ் காட்டிட்டு எக்ஸிட் 1-னு முடிச்சிருந்தேன். பேஷ் பாத்துச்சு, சிக்னல்ல சாகலை, தானாத்தான் போயிருக்கான், சரின்னு உட்டுருச்சு. அதாவது நான் ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தா அந்த அண்ணாவோட கீபோர்டு செத்திருக்காது! இதைக் கண்டுபுடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு, கண்டுபுடிச்சதும் பார்ட்னர்கிட்ட சொன்னேன், அவன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, நோம்பிக்கு வந்த ஒரம்பரைகிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சான்.

இப்ப ஸ்கிரிப்டு ஆரம்பிச்சதுமே டெர்மினலோட மொத்த செட்டிங்கையும் ஒரு வரியா எடுத்து பத்திரமா வெச்சுக்குது, எந்த வழில வெளில போனாலும் அதைத் திருப்பிப் போட்டுட்டுப் போகுது. கண்ட்ரோல் சின்னா மெசேஜைக் காட்டிட்டு, ட்ராப்பைக் கழட்டிட்டு, அதே சிக்னலைத் தனக்கே அனுப்பிச் செத்துக்குது, அப்பத்தான் மேல இருக்கறவனுக்கு நெஜமான சேதி போகும். வலுக்கட்டாயமா கொல்ற கில் 9 அடிச்சா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, அதை யாரும் புடிக்க முடியாது.

அடுத்து, டெஸ்டு பண்றதை மாத்துனேன். மொதல்ல ஒரு முட்டாள்தனம் பண்ணேன். பதிலை எல்லாம் ஒரு பைல்ல எழுதி, பைப் வழியா ஸ்கிரிப்டுக்குள்ள தள்ளி உட்டேன். ஸ்கிரிப்டு கேக்கற கேள்விக்கெல்லாம் பைல்ல இருந்து பதில் போயிரும், நான் டீ குடிச்சுட்டு வரலாம்னு. ஆனா பைப்புங்கறது டெர்மினல் இல்லையே. எக்கோவை நிறுத்தப்போன வரி "இது டெர்மினலே இல்லை, என்கிட்ட ஏன் கேக்கற"ங்கற அர்த்தத்துல ஒரு எரரைத் துப்பிட்டு படுத்துருச்சு. டெர்மினல் இருக்குதான்னு கேட்டுட்டு இருந்தா ஒரு மாதிரி, இல்லைன்னா வேற மாதிரின்னு புரோகிராம்கள் நடந்துக்கும், கலர் வர்றது, வராதது, பாஸ்வேர்டு கேக்கறது, கேக்காதது எல்லாமே. அதனால நெஜ டெர்மினல் மாதிரியே ஒரு பொய் டெர்மினலை உண்டாக்கி, அதுக்குள்ள மனுசனாட்ட ஒவ்வொரு எழுத்தா அடிக்கிற எக்ஸ்பெக்ட்டுன்னு ஒரு பழைய கருவி இருக்குது, அதைப் புடிச்சேன். இப்ப எங்க டெஸ்டு என்ன பண்ணுதுன்னா, ஸ்கிரிப்டு கேக்கற ஒவ்வொரு கேள்விலயும் ஒருக்கா கண்ட்ரோல் சி அமுக்குது, வெளில வந்ததும் எக்கோ இருக்குதான்னு பாக்குது. கேள்வி ஒன்பது, அதனால ஒன்பது தடவை சாகுது, ஒன்பது தடவையும் ஸ்கிரீன் உசுரோட இருக்கணும்.

ஆனா ஒரு கருவியை வெச்சுட்டு நீங்க நெனைச்சுப் பாத்த தப்பைத்தான் டெஸ்டு பண்ண முடியும். நெனைக்காததைச் செய்யறதுக்கு மனுசன்தான் வேணும். ஒரு நாள் பஸ் ஏறி காங்கேயத்துக்கே போயிட்டேன், அண்ணா பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வாயைத் தொறக்காம அவரு ஓட்டறதை மட்டும் பாக்கறதுன்னு முடிவு பண்ணி. வாயைத் தொறக்காம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மொத காரியம், அவரு எழுத்தைப் பெருசு பண்ணாரு. கண்ணாடியை ஊட்லயே உட்டுட்டு வந்துட்டாரு. கண்ட்ரோலும் பிளஸ்ஸும் அஞ்சாறு தடவை, ஸ்கிரீன்ல ஒரு வரிக்கு அம்பது எழுத்துகூட இல்லை. என்ற ஸ்கிரிப்டுல டவுன்லோடு எவ்ளோ ஆச்சுன்னு காட்டற கோடு 80 எழுத்து இருக்கும்னு கணக்குப் பண்ணுனது. இந்த 80 ஒண்ணும் சாமி குடுத்த கணக்கில்லை, 1978-ல வந்த விடி100 டெர்மினல்ல வரிக்கு 80 எழுத்து, 24 வரி, அதுலயே நின்னுட்டோம். கோடு எப்படி நகருதுன்னா, ஒவ்வொரு தடவையும் வரி ஆரம்பத்துக்குப் போயி மேலயே எழுதும். ஆனா கோடு ரெண்டு வரியா மடங்கிருச்சுன்னா, திரும்பிப் போறது ரெண்டாவது வரியோட ஆரம்பத்துக்குத்தான், மொத வரி அப்படியே நிக்கும். அதனால ஒரு சதவீதத்துக்கு ஒரு வரின்னு நூறு வரி சரசரன்னு மேல ஓடுச்சு. அண்ணா கையெடுத்துட்டு, "தம்பி, இது என்னமோ வைரஸுங்களா?"ன்னாரு. இத்தனைக்கும் ஸ்கிரிப்டு சரியாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அந்தக் கோட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு இப்ப "தரவிறக்கம் நடக்குது, ரெண்டு நிமிசம் ஆகும்"னு ஒரே வரி. எவனும் குறை சொல்லலை.

ரெண்டாவது, பாதி ஓடறப்ப கண்ட்ரோல் எஸ் அமுக்குனாரு. எல்லாம் அப்படியே சிலையாட்ட நின்னுபோச்சு. ஏனுங்ணா அமுக்குனீங்கன்னு கேட்டா, "சேவ் பண்ணுனேனுங், கரண்டு போயிருச்சுன்னா?"ங்கறாரு. அவரு முந்தி எக்ஸெல்லுல பில்லு போட்டுட்டு இருந்தவரு, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சேவ் பண்ற பழக்கம் விரல்லயே ஊறிப்போச்சு. டெர்மினல்ல கண்ட்ரோல் எஸ்ஸுன்னா "கொஞ்சம் நிறுத்து, நான் படிச்சுக்கறேன்"னு அர்த்தம், கண்ட்ரோல் கியூ அமுக்குற வரைக்கும் ஒரு எழுத்து வராது, இதுவும் அந்த டெலிடைப் காலத்து ஏற்பாடுதான். இந்த ஒரு விசயத்தை நான் சென்னைல பெரிய கம்பெனில வேலை செஞ்ச மூணு வருசத்துல ஒருத்தர்கூட டெஸ்டு பண்ணிப் பாத்ததில்லை. இப்ப எங்க ஸ்கிரிப்டு ஆரம்பத்துலயே அந்த வசதியை அணைச்சு வெச்சுட்டு, போறப்ப பழையபடி வெச்சுட்டுப் போகுது.

மூணாவதுதான் அன்னிக்குப் பொழுதைச் சாப்புட்டுருச்சு. எடைமேடைக்கு அடில இருக்கற லோடு செல்லுல இருந்து எடை வந்து ரூமுக்குள்ள ஒரு டிஸ்பிளே பொட்டிக்கு வரும், அந்தப் பொட்டி பின்னாடி இருக்கற சீரியல் போர்ட்டு வழியா கம்ப்யூட்டருக்கு எடையை அனுப்பும். இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல சீரியல் போர்ட்டு எங்க இருக்குது, அதனால ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒயரு. எல்லார்கிட்டயும் இருக்கறது அந்த வெலை கம்மியான சிஎச்340 சிப்பு போட்டது. அங்க இருந்த பழைய பொட்டியை எடுத்துட்டு புதுசுல உபுண்டு 22.04 போட்டிருந்தாங்க. ஒயரைச் சொருகுனா கெர்னல் லாக்ல டிடிஒய் யுஎஸ்பி 0-ன்னு வருது, அடுத்த நொடியே காணாமப் போகுது. ஒயரை மாத்துனேன், போர்ட்டை மாத்துனேன். வெளில ஒரு பத்து சக்கர லாரி கொப்பரையோட மேடை மேலயே நிக்குது, அண்ணா அதுபாட்டுக்குக் கையால ரசீது எழுதிட்டு இருக்காரு, கிராஸு, டேரு, நெட்டுன்னு.

விசயம் என்னன்னா, உபுண்டுல கண்ணு தெரியாதவங்க விரலால தடவிப் படிக்கிற பிரெய்ல் கருவிக்குன்னு பிஆர்எல்டிடிஒய்னு ஒரு புரோகிராம் இருக்குது, டெஸ்க்டாப்போடயே வந்துரும். ஒரு பிரெய்ல் கருவியும் இந்த மாதிரி கன்வெர்ட்டர் சிப்பைத்தான் உள்ள வெச்சிருக்குது, ரெண்டுக்கும் அடையாள நம்பர் ஒண்ணு. அதனால எடை ஒயரைச் சொருகுனதும், இது நம்மாளுதான்னு அது வந்து தூக்கிட்டுப் போயிருது. நெட்டுல தேடுனா எல்லாரும் சொல்றது, அந்தப் புரோகிராமைத் தூக்கிரு. நானும் மொதல்ல ஸ்கிரிப்டுல அதைத்தான் எழுதுனேன். அப்பறம் ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், நம்ம ஸ்கிரிப்டை என்னிக்காச்சும் கண்ணு தெரியாத ஒருத்தர் ஓட்டுனா, கேக்காம கொள்ளாம அவரு கண்ணைப் புடுங்குனாப்ல ஆயிருமே. இப்ப அந்த ஒரு சிப்பு நம்பருக்கான விதியை மட்டும் அணைக்குது, அதுவும் ஒரு கேள்வி கேட்டுட்டு. கேள்வி பத்தாச்சு.

இந்த வம்பெல்லாம் டாக்கர் கண்டெய்னருக்குள்ள, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே தனியா அடைச்சு வெச்ச ஒரு லினக்ஸுக்குள்ள, டெஸ்டு பண்ணியிருந்தா ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. டாக்கர் நல்ல சாமான்தான், ஒரு நிமிசத்துல டெபியன், உபுண்டு, ஃபெடோரான்னு வரிசையா ஓட்டிப் பாத்துரலாம், ஆனா உள்ள போனா நீங்க சாதாரணமா எல்லா அதிகாரமும் இருக்கற ரூட் யூசராத்தான் இருக்கீங்க, சொருகுன ஒயரைக் கண்டுக்கற ஆளு உள்ள கெடையாது. அங்க எல்லாமே பாஸாகும். அதனால எங்ககிட்ட இப்ப ரெண்டு வேற இருக்குது. ஒண்ணு வர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ள ஓடற ஒரு பொய்க் கம்ப்யூட்டர், அப்போதைய நிலைமையை ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சு கெடுத்துக் கெடுத்துத் திருப்பறதுக்கு. இன்னொண்ணு என்ற தங்கச்சி பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப குடுத்த அரசு லேப்டாப்பு, 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல வாங்குனது. ஒரு கீல் உடைஞ்சு, பேட்டரி செத்து, ஒயரைப் புடுங்குனா அப்பவே அணைஞ்சுரும். இன்ஸ்டால் ஸ்கிரிப்டு டெஸ்டு பண்ண இதைவிட நல்ல மெசினு காசு குடுத்தாலும் கெடைக்காது, ஏன்னு கடைசில சொல்றேன்.

குரூப்பு கதை ஒண்ணு பாக்கி. சீரியல் போர்ட்டைப் படிக்கறதுக்கு அந்த யூசர் டயல்அவுட்டுங்கற குரூப்புல இருக்கணும். என்ற லேப்டாப்ல நான் எப்பவோ சேந்துட்டேன், அதனால எனக்கு என்னிக்கும் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. ஸ்கிரிப்டுல சேத்துவிட்டாலும் லாக் அவுட் பண்ணி உள்ள வர்ற வரைக்கும் அது செல்லாது, அதை ஸ்கிரிப்டு சொல்லவே இல்லை. இதைச் சரி பண்ற அவசரத்துல, கூடச் சேருன்னு சொல்ற ஒரு சின்ன எழுத்தை உட்டுட்டேன். அந்த எழுத்து இல்லைன்னா "இந்த குரூப்பு மட்டும்தான் இனி"ன்னு அர்த்தம். ஒரு மஞ்சள் மண்டில யூசரை டயல்அவுட்டுல சேத்து, நிர்வாக அதிகாரம் குடுக்கற சுடோ குரூப்புல இருந்து வெளில தள்ளிட்டேன். அவரால அதுக்கப்பறம் எதையும் இன்ஸ்டாலும் பண்ண முடியாது, என்ற தப்பைத் திருத்தவும் முடியாது. ரெகவரி மோடுல போயித்தான் சரி பண்ணணும், அதுக்கு நேர்லதான் போகணும். போனேன். மண்டிக்காரர் கோவிச்சுக்கலை, மோர் குடுத்தாரு, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமா இருந்துச்சு.

ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, இதுலதான் இந்த உலகமே சாஞ்சுருது. 2011-ல பம்பிள்பீன்னு ஒரு பிராஜெக்ட்டு, லேப்டாப்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருந்தா மாத்தி மாத்தி ஓட்டறதுக்கு. அதோட இன்ஸ்டால் ஸ்கிரிப்டுல அழிக்கிற வரில யுஎஸ்ஆர்ங்கற பேருக்கு அப்பறம் தெரியாத்தனமா ஒரு ஸ்பேஸ் உழுந்துருச்சு. ஒரே பாதையா இருந்தது ரெண்டாப் பிரிஞ்சு, மொத பாதி, புரோகிராம் எல்லாம் இருக்கற யுஎஸ்ஆர் டைரக்டரி மொத்தமும். ஓட்டுனவன் சிஸ்டம் அங்கயே போச்சு. 2015-ல ஸ்டீம், கேம் விளையாடற சாப்ட்வேரு, அதோட லினக்ஸ் ஸ்கிரிப்டுல தன்னோட போல்டரு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சு ஒரு வேரியபிள்ல போட்டு, அதுக்குள்ள இருக்கறதை எல்லாம் அழிக்கிற வரி. போல்டரை நகத்தி வெச்ச ஒருத்தருக்கு அந்த வேரியபிள் காலியாயிருச்சு, காலியும் ஒரு சாய்கோடும் சேந்தா என்ன, ரூட்டு டைரக்டரி, அதாவது சிஸ்டத்துல இருக்கற மொத்தமும். அவரோட பைல் எல்லாம் போச்சு, சொருகி வெச்சிருந்த பேக்கப் டிஸ்க்கோட. அந்த வரிக்கு மேல எழுதுனவரே "ஸ்கேரி!"ன்னு கமெண்டு போட்டு வெச்சிருந்தாரு. பயம் இருந்துச்சு, ஆனா பயத்துக்கு ஏத்த ஒரு செக்கு போடலை. இதைப் படிச்சப்பறம் எங்க ஸ்கிரிப்டுல அழிக்கிற வரி எல்லாத்துலயும் வேரியபிள் காலின்னா அங்கயே நின்னுரணும்னு எழுதியாச்சு, ஷெல்செக்குன்னு ஒரு டூலு இருக்குது, அதுவும் இந்த மாதிரி வரியைப் பாத்தா கத்தும். அது கத்தறதுல பாதி நமக்கு எரிச்சலாத்தான் இருக்கும், பரவால்லை, கத்தட்டும்.

இன்னொரு வெக்கக்கேடும் சொல்லிர்றேன். வாடிக்கையாளருக்குச் சுலபமா இருக்கட்டும்னு, டவுன்லோடு பண்ணி நேரா ஷெல்லுக்குள்ள பைப் பண்ற ஒத்தை வரிக் கமாண்டும் குடுத்திருந்தோம், ஆனா ஆபீஸ்ல டெஸ்டு பண்றப்ப பைலை நேரா ஓட்டுவோம். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனைச்சோம். பைப்புல வந்தா, ஷெல்லு படிக்கிற உள்வாசல்ல வந்துட்டு இருக்கறது ஸ்கிரிப்டே. "எத்தனை எடைமேடைங்க?"ன்னு ஸ்கிரிப்டு கேட்டுச்சு, ஆளு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஸ்கிரிப்டோட அடுத்த வரியே பதிலாப் போயி உக்காந்துக்குச்சு. ரசீதுல எடைமேடை நம்பர் இருக்கற எடத்துல ஒரு ஷெல் கமாண்டு பிரிண்டாகி வந்துச்சு, போட்டோ இன்னும் வெச்சிருக்கேன். இப்ப கேள்வியை நேரா டெர்மினல்கிட்டயே கேக்கறோம், ஸ்கிரிப்டு முழுசையும் ஒரு பங்ஷனுக்குள்ள போட்டு கடைசி வரிலதான் கூப்புடறோம், பாதி டவுன்லோடுல நெட்டு போனா பாதி ஸ்கிரிப்டு ஓடக் கூடாது பாருங்க.

தமிழ்ல மெசேஜ் வெச்சதுக்கும் ஒரு கூலி இருக்குது. சரக்குப் பேரு, எடைன்னு பட்டியல் போட பேருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். ஷெல்லு எண்ணறது எழுத்தை இல்லை, பைட்டை. எள்ளுன்னா 15 பைட்டு, அஞ்சு இடம் மிச்சம் வெச்சு நிரப்புது. கொப்பரைன்னா நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, அதுக்கு 21 பைட்டு, இடமே இல்லைன்னு எடையைப் பேரோட ஒட்டிருச்சு. அது போதாதுன்னு ஒவ்வொரு டெர்மினலும் தமிழ் எழுத்துக்கு எத்தனை கட்டம்னு ஒரு சொந்தக் கணக்கு வெச்சிருக்குது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடைசில எடையை முன்னாடி போட்டு பேரைப் பின்னாடி தள்ளிட்டேன். எடை எல்லாம் நம்பர்தானே, வரிசையா நிக்கும், பேரு எங்க வேணா முடியட்டும். இதுக்கு ஒரு மாசம் யோசிச்சேன்னு சொன்னா நம்புவீங்களா?

லேப்டாப்பு கதைக்கு வர்றேன். எங்க பக்கம் மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு இருக்காது, அது போக சொல்லாம கொள்ளாம போறது வேற. இன்ஸ்டால் நடுவுல கரண்டு போனா, பேக்கேஜ் பாதி அவுந்து கெடக்கும், அடுத்து எதைக் கேட்டாலும் "மொதல்ல பேக்கேஜ் போடற டிபிகேஜியைச் சரி பண்ணு"ன்னு மொரண்டு புடிக்கும். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுனா உட்ட எடத்துல இருந்து தொடரணும், ஏற்கெனவே போட்டதை மறுபடி போட்டுக் கெடுக்கக் கூடாது. எங்குளுது கெடுத்துச்சு. ரெண்டாவது தடவை ஓட்டுனா கான்பிக் பைல் மேலயே புதுசை எழுதிரும், ஜிஎஸ்டி நம்பர் காலியா ஒரு நாள் முழுக்க பில்லு போயிருக்குது ஒரு எண்ணெய் மில்லுல. புரோகிராம் எங்க இருக்குதுன்னு ஷெல்லுக்குச் சொல்ற பாத் செட்டிங்குல ஓட்டற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேரும், அண்ணா பொட்டில தொறந்து பாத்தா ஒரே வரி பதினோரு தடவை. "வரலைன்னா மறுபடி ஓட்டுவேனுங், அதுல என்ன"ங்கறாரு, அதுல என்னன்னு நானும் கேட்டிருக்கணும்.

அதனால இப்ப அந்த பேட்டரி செத்த லேப்டாப்புல ஸ்கிரிப்டை ஓட்ட உட்டுட்டு, பார்ட்னரு கண்ணை மூடிட்டு ஒயரைப் புடுங்குவான். எப்ப புடுங்குவான்னு அவனுக்கே தெரியாது. மறுபடி சொருகி, ஆன் பண்ணி, மறுபடி ஸ்கிரிப்டு. இருவது தடவை புடுங்குனதுல மொதல்ல ஏழு தடவை எந்திரிக்கலை. போன வாரம் இருவதுல ஒண்ணுதான் படுத்துச்சு, அது ஏன்னு இன்னும் புடிபடலை, லாக்ல ஒரு பைலு சைபர் பைட்டா நிக்குது, அந்தக் கெரகத்தைத்தான் துரத்திட்டு இருக்கேன்.

முந்தாநாள் அண்ணாவுக்குப் போன் பண்ணி, புது வெர்ஷன் வருதுங்ணா, எப்ப வரட்டும்னேன். "செவ்வாக்கிழமை வேண்டாமுங், அன்னிக்குக் கரண்டு வர்றதும் போறதுமா இருக்கும், லைன்ல என்னமோ வேலை"ன்னாரு. அப்ப செவ்வாக்கிழமையே வர்றேன்னு சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியலை, ஆனா மானிட்டருக்குக் கீழ அந்த ஊர்ப் பேரு எழுதி ஒட்டுன சீட்டை எடுத்தரட்டுங்களான்னு கேட்டாரு. ஏற்காட்டுக்குப் பக்கத்துல பேனால ஒய்யின்னு எழுதி வட்டம் போட்டிருக்காரு. இருக்கட்டுங்ணா, இன்னொரு வாரம் இருக்கட்டும்னேன்.